ஒரே பஸ்ஸில் இரண்டு பேர்

ஜூன் 27, வெள்ளி

இன்ஜினியரிங் ரேங்க் லிஸ்ட் வந்துவிட்டது. செண்பகாவின் கட் ஆஃப் இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்று நான்கரை. என்னுடையது நூற்று நாற்பத்தெட்டு. நாங்கள் இரட்டைப் பிள்ளைகள். ஒரே வயிறு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே ட்யூஷன் வாத்தியார். அம்மா இரண்டு பேருக்கும் ஒரே அளவு கேசரி வைத்தாள். என் தட்டைப் பார்த்து அப்பா பெருமூச்சு விட்டார். கேசரியில் முந்திரி குறைவு, அதற்காக இருக்கும்.

இந்த டைரி அப்பாவுக்கு வந்தது. அவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட்; வருஷம் பிறந்தால் இப்படி ஒன்று வரும், அது செண்பகாவுக்குப் போகும். இந்த வருஷம் அவள் பரீட்சை மும்முரத்தில் இதைத் தொடவே இல்லை. காலியாகக் கிடந்ததை நான் எடுத்துக்கொண்டேன். கவுன்சிலிங் முடியும் வரைக்குமாவது எழுதலாம் என்று இருக்கிறேன்.

ஜூன் 30, திங்கள்

கோவில்பட்டியில் இத்தனை கல்வி ஆலோசகர்கள் இருப்பது எனக்கு இதுவரை தெரியாது. பால்காரர், கேபிள்காரர், அப்பாவிடம் பாலிசி எடுத்த எல்லோரும், எடுக்காமல் டபாய்க்கிற எல்லோரும் வாயைத் திறந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான். அப்பா அத்தனையையும் கேட்டுக்கொண்டு வந்து சாயங்காலம் முடிவைச் சொன்னார்.

முடிவு இதுதான். பைபாஸ் ரோட்டில் இருக்கிற தனியார் காலேஜ். மஞ்சள் பஸ் தெருமுனைக்கே வரும். செண்பகாவுக்கு மார்க் அதிகம் என்பதால் முதல் சுற்றிலேயே கூப்பிடுவார்கள். அவள் அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்துவிட வேண்டும். நான் இரண்டாம் சுற்று. பின்னாலேயே போய் அதே காலேஜில் அதே கோர்ஸ் எடுத்துவிட வேண்டும். ஒரே பஸ், ஒரே வகுப்பு.

“பொம்பளப் பிள்ளைய சென்னைக்குத் தனியா அனுப்பிட்டு நாங்க இங்க எப்படிச் சோறு திங்க? தம்பி கூட இருந்தா பாதுகாப்புல்லா” என்றாள் அம்மா.

செண்பகா கேட்பது வேறு. சென்னையில் இருக்கிற அந்தப் பெரிய அரசுக் கல்லூரியில் மின்னியல். காரணம் கேட்டால் காத்தாடியைக் காட்டுவாள். கயத்தாறு பக்கம் பஸ்ஸில் போனால் இரண்டு பக்கமும் காற்றாலைகள் நிற்கும் அல்லவா? நல்ல ஆடிக்காற்றில் சில நேரம் பாதி காத்தாடி சுற்றாமல் நிற்கும். ஏன் என்று எட்டாவது படிக்கும்போதிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். ரிப்பேர் என்றார் அப்பா. ஒரு கண்காட்சியில் மின்வாரிய என்ஜினியர் ஒருவர்தான், கரண்ட் இருக்கிறது, அதை வாங்கிக்கொண்டு போகிற லைன் தாங்காது, அதனால் நிறுத்திவைக்கிறார்கள் என்று சொன்னார். அன்றையிலிருந்து அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. வீணாகப் போகிற காற்றை நினைத்தால் வயிறு எரிகிறதாம்.

“பொம்பளப் பிள்ளைக்கு கரண்டு கம்பத்துல என்னம்மா வேல?” என்றார் அப்பா.

“கம்பத்துல யாருப்பா ஏறச் சொன்னா? எந்த லைன்ல எவ்வளவு அனுப்பலாம்னு கணக்குப் போடுதவங்க ஒரு ரூம்ல உக்காந்துதான் போடுதாங்க.”

என்னிடம் யாரும் கேட்கவில்லை. என்னைப் பொறுத்தவரை அப்பா சொன்னது சரிதான். நான் இருந்தால் அவளுக்கும் ஒரு துணை.

ஜூலை 3, வியாழன்

தண்ணீர் வரவில்லை. வேறு விசேஷம் இல்லை.

ஜூலை 7, திங்கள்

ரேங்க் லிஸ்ட் வந்த பிறகும் விடவில்லை; என் சாதிச் சான்றிதழ் தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் மங்கலாக ஸ்கேன் செய்திருந்தேனாம். செண்பகா என்னைத் திட்டிக்கொண்டே மறுபடி ஸ்கேன் செய்து ஏற்றினாள். கூடவே என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் எங்கே என்று என்னிடம் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவளே பீரோவிலிருந்து எடுத்தாள். பைபாஸ் காலேஜில் நான் அவளை நன்றாகப் பார்த்துக்கொள்வேன். கேன்டீனில் யாராவது வம்பு செய்தால் முதல் ஆளாக நிற்பேன்.

ஜூலை 14, திங்கள்

இன்று முதல் சுற்று தொடங்கியது. செண்பகாவின் முறை. வேண்டிய காலேஜையும் கோர்ஸையும் வரிசைப்படுத்தி இணையத்தில் கொடுக்க வேண்டும். முதலில் இருப்பது கிடைத்துவிட்டால் அதோடு சரி, அதற்குக் கீழே இருப்பதைப் பார்க்கவே மாட்டார்கள். கிடைக்காவிட்டால் அடுத்தது. எது மேலே, எது கீழே என்பதில்தான் தலையெழுத்தே இருக்கிறது. நாளை மறுநாள் ஐந்து மணி வரைக்கும் மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் அப்பாவின் போனுக்கு ஓ.டி.பி. வரும், அதைக் கொடுத்தால்தான் பதிவாகும். ஆகவே அப்பா இல்லாமல் ஒன்றும் நடக்காது.

அப்பா பைபாஸ் காலேஜை மட்டும் போடச் சொன்னார். செண்பகா அழவில்லை, கெஞ்சவும் இல்லை. “சென்னைய மேல ஒண்ணு, பைபாஸ அதுக்குக் கீழ ரெண்டுன்னு போடுதேன்ப்பா. கெடைக்காட்டா போவட்டும்” என்றாள்.

அப்பா இரண்டு பேருக்கு போன் போட்டார். இரண்டு பேரும், அந்தக் காலேஜா, நூற்றுத் தொண்ணூற்றெட்டுக்குக் கீழே எட்டிப் பார்க்கவே முடியாது என்றார்கள். அப்பாவுக்கு முகம் தெளிந்துவிட்டது. “சரி, ஆசைக்கு மேல போட்டுக்கோ. பொறவு எங்கள ஒண்ணும் சொல்லக் கூடாது” என்றார். ஓ.டி.பி.யும் கொடுத்துவிட்டார்.

அவர்கள் சொன்னது கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு. ஊரில் யாருக்கும் வேறு கோர்ஸின் கணக்கே தெரியாது. சாப்பிட்ட பிறகு சும்மா, பொழுது போகாமல், போன வருஷத்துப் பட்டியலை என் செல்லில் பார்த்தேன். அந்தக் காலேஜில் மின்னியல் நூற்றுத் தொண்ணூற்று மூன்று வரைக்கும் இறங்கியிருக்கிறது.

அவளுக்குக் கிடைத்துவிடும். அவளுக்கும் அது தெரியும். அதனால்தான் அவ்வளவு அமைதியாக இருந்திருக்கிறாள், கள்ளி.

செல்லை மூடி வைத்துவிட்டேன். எனக்கு என்ன வந்தது?

ஜூலை 15, செவ்வாய்

காலையில் செண்பகா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே என் சட்டைக்கும் சேர்த்து இஸ்திரி போட்டாள். மாடிக்குப் போய்விட்டு வந்து, இன்றைக்குக் காற்று நல்லா இருக்கிறது என்றாள். எனக்கு என்னவோ போல் இருந்தது.

அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து காம்பு கிள்ளிக் கொடுத்தேன். பேச்சுவாக்கில்தான் சொன்னேன். போன வருஷம் மின்னியல் நூற்றுத் தொண்ணூற்று மூன்றுக்கே கிடைத்திருக்கிறது போல என்று. அவ்வளவுதான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை.

அம்மாவின் கை நின்றுவிட்டது. “அப்ப இவளுக்குக் கெடைச்சிருமா?”

மத்தியானம் அப்பா வந்து பட்டியலைத் திருப்பிப் போடச் சொன்னார். பைபாஸ் மேலே, சென்னை கீழே. இனி சென்னை அங்கே இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். பைபாஸ் அவள் மார்க்குக்குக் கண்ணை மூடிக்கொண்டு கிடைக்கும்.

“நேத்து போடலாம்னு சொன்னீங்களேப்பா.”

“கெடைக்காதுன்னு நெனச்சுச் சொன்னேன்.”

இதைக் கேட்டதும் அவள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அப்பா செல்லைப் பார்த்தார். பிறகு அவள் மவுஸைப் பிடித்து வரிசையை மாற்றினாள். ஓ.டி.பி. வந்தது. முடிந்தது.

சாயங்காலம் வெளியே போய்விட்டு வந்தாள். பைபாஸ் காலேஜில் படித்து முடித்த ஒரு அக்காவிடம் முதல் வருஷக் கணக்குப் புத்தகத்தை இரவல் வாங்கி வந்திருந்தாள். என் முன்னால் வைத்தாள்.

“ஏல, இதுல மூணு பாடத்த இப்பவே முடிச்சுருவோம். மூணாவதுலதான் எல்லாரும் அரியர் வைக்காங்களாம். நாளைக்கு ராவுகாலம் கழிஞ்சு உக்காரு.”

கோபமே இல்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். இப்படிப் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தால் மனுஷன் என்ன செய்வான்? ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. வெண்டைக்காய் முற்றல்.

ஜூலை 16, புதன்

நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

காலையில் தண்ணீர் வந்தது. குழாய் எங்கள் வீட்டில் அடுக்களை ஜன்னலுக்கு வெளியே, பள்ளத்தில் இருக்கிறது. நான் குத்தவைத்துக் குடம் குடமாகப் பிடித்து டிரம்மில் ஊற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே அம்மாவும் அப்பாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அங்கே இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

“பாவமா இருக்குங்க. நேத்து மத்தியானத்துலருந்து அவ மூஞ்சிய பாக்க முடியல.”

“எனக்கு மட்டும் ஆசையா ஜெயக்கனி? அவ சென்னையில என்ன, டெல்லியிலயே தனியா இருந்துருவா. அவளப் பத்தி எனக்குப் பயமே கெடையாது.”

“பொறவு ஏன் இப்படி?”

“இவனுக்காகத்தான். அவ பக்கத்துல இல்லன்னா இவன் முதல் செமஸ்டரே தாண்ட மாட்டான். பன்னெண்டாவது ரெக்கார்டு நோட்ட யார் எழுதினா? பிசிக்ஸ யார் மண்டையில ஏத்துனா? அவ கூட இருந்தா எப்படியும் இழுத்துக் கரை சேத்துருவா.”

அம்மா ஏதோ சொன்னாள். கேட்கவில்லை.

“எனக்கு அன்னைக்குப் பக்கத்துல யாரும் இல்ல. பாலிடெக்னிக்க பாதியில விட்டுட்டு, இன்னைக்கு வரைக்கும் பாலிசி பாலிசின்னு வீடு வீடா ஏறி எறங்குதேன். அவன் என்ன மாதிரி ஆயிரக் கூடாது.”

டிரம் நிறைந்து வழிந்து என் காலை நனைத்துக்கொண்டு ஓடியது. நான் குழாயை மூடவில்லை. பக்கத்து வீட்டு அக்கா மாடியிலிருந்து, “ஏல மூர்த்தி, என்னல தண்ணி வீணாப் போகுது, கண்ணு அவிஞ்சு போச்சா?” என்று கத்திய பிறகுதான் மூடினேன்.

அவமானமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. அப்பா பாலிடெக்னிக்கில் சேர்ந்ததே எனக்குத் தெரியாது. பாதுகாப்பு, துணை என்று நான்தான் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன். வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் உண்மை தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்திருக்கிறாள்.

ராகுகாலம் கழிந்ததும் செண்பகா கூப்பிட்டாள். உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் மேட்ரிக்ஸ் சொல்லிக்கொடுத்தாள். நன்றாகப் புரிந்தது. அவள் சொன்னால் எனக்கு எப்போதுமே புரியும். நாலு வருஷம் இவள் சொல்லிக்கொடுப்பாள், நான் புரிந்துகொள்வேன், கயத்தாறு பக்கம் காத்தாடிகள் சுற்றாமல் நின்றுகொண்டிருக்கும்.

மத்தியானம் படுத்தேன், எழுந்தேன், துணி மடித்தேன், மறுபடி படுத்தேன். நான்கு மணி ஆனபோது அதற்கு மேல் வீட்டில் இருக்க முடியவில்லை. சைக்கிளை எடுத்தேன். அப்பா எட்டயபுரம் ரோட்டில் ஒரு பாத்திரக்கடைக்குப் போயிருப்பதாக அம்மா சொன்னாள். எதிர்க்காற்று. ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில், அதுவும் ஆடி அசைந்து போகிற சரக்கு ரயில். அந்த ரயிலை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

கடையில் அப்பா முதலாளியின் முன்னால் உட்கார்ந்து பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார். பாரத்தில் கையெழுத்து வாங்குகிற நேரம். என்னைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து, வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று முதலாளியே எழுந்துவிட்டார். அப்பா என்னைப் படிக்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“என்னல இங்க?”

“செண்பகா லிஸ்ட்ட மாத்தணும்ப்பா. அஞ்சு மணிக்கு மூடிருவாங்க.”

“அது பேசி முடிச்ச விஷயம். வீட்டுக்குப் போ.”

“நான் பைபாஸ் காலேஜுக்குப் போகல.”

“என்னது?”

“அவ எங்க சேந்தாலும் நான் அங்க சேர மாட்டேன். வேற எங்கயாவதுதான் சேருவேன். அவள அங்க போட்டு உங்களுக்குப் பிரயோசனம் இல்ல.”

அடி விழும் என்றுதான் நினைத்தேன். விழவில்லை. அப்பா சுற்றிலும் பார்த்துக் குரலைத் தணித்தார்.

“காலைல கேட்டுக்கிட்டு இருந்தியா?”

“தண்ணி பிடிச்சிக்கிட்டு இருந்தேன்.”

அப்பா தூக்குவாளிகள் தொங்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. என்னிடம் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது அவர் முகம்.

“தனியா தேறிருவியால நீ?”

“தெரியாதுப்பா.”

“தேறலன்னா?”

“தேறலன்னா நான்தான தேறல? அவ என்ன செஞ்சா?”

உள்ளேயிருந்து முதலாளி, “ஏஜென்டே, கையெழுத்து போடவா, கடையப் பாக்கவா?” என்றார். அப்பா செல்லை எடுத்தார். செண்பகாவின் எண்ணைப் போட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார். ஓய்ந்தது. அம்மாவுக்குப் போட்டார். அவள் மாடியில் துணி எடுக்கிறாள் என்றாள் அம்மா. கூப்பிடு, ஓடு என்று அப்பா போட்ட சத்தத்தில் ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

செண்பகா வந்தாள். ஸ்பீக்கரில் அவள் மூச்சு வாங்கியது கேட்டது.

“கம்ப்யூட்டர்ல உக்காரும்மா.”

“எதுக்குப்பா?”

அப்பா என்னைப் பார்த்தார். இதை அவர்தான் சொல்ல வேண்டும் என்று இருந்தது எனக்கு.

“அதை மேல போடு” என்றார்.

“எதைப்பா?”

“நீ கேட்டத.”

அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம் மட்டும். இணையதளம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றாள். கடைசி நேரத்தில் தமிழ்நாடே அதைப் போட்டு அமுக்கிக்கொண்டிருக்கும். ஓ.டி.பி. வந்தது. அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிப் படிப்பதற்குள் அது காலாவதியாகிவிட்டது. மறுபடி அனுப்பச் சொன்னாள். இந்த முறை வரவே இல்லை. அப்பா செல்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு நடுவில் போய் நின்றார். ஒரு மினி பஸ் ஹாரன் அடித்து, டிரைவர் தலையை நீட்டி ஏதோ கேட்டார். அப்பா நகரவில்லை.

வந்தது. அப்பா ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். பாலிசி எண்ணைக் கடகடவென்று ஒப்பிக்கிற மனுஷர், ஒன்று சொல்லிவிட்டு நிறுத்தி, அவள் அதைத் திருப்பிச் சொன்ன பிறகு அடுத்ததைச் சொன்னார்.

“பதிஞ்சிருச்சுப்பா” என்றாள் செண்பகா. ஐந்து மணிக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது.

அப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கடைக்குள் போனார். “பிள்ளைங்க எதிர்காலம் அண்ணாச்சி” என்று விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்தால் செண்பகா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நன்றி கின்றி என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்துகொண்டே சைக்கிளை நிறுத்தினேன்.

“நேத்து அம்மாட்ட நீதான சொன்ன?”

“ஆமா.”

“தெரியும்” என்றாள். “ஏன் சொன்ன?”

நீ போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று பயமாக இருந்தது, அதனால் சொன்னேன். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. இதை அவளிடம் சொல்லவில்லை. டிரம்மை மூடவில்லை, கொசு வரும் என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டேன்.

ஜூலை 17, வியாழன்

மின்னியல். சென்னை. கிடைத்துவிட்டது.

ஜூலை 18, வெள்ளி

ஏற்றுக்கொள்கிறோம் என்று பதிவு செய்தாயிற்று. அம்மா காலையிலிருந்து அழுகிறாள், இடையிடையே ஊறுகாய் போடுகிறாள். பால்காரர் அப்பாவிடம், என்ன அண்ணாச்சி, கம்ப்யூட்டர் கிடைக்கவில்லையா என்று துக்கம் விசாரித்தார். “கெடச்சுது, வேண்டாம்னுட்டோம்” என்றார் அப்பா. தானே முடிவெடுத்த மாதிரி ஒரு தோரணை. இருக்கட்டும்.

ஜூலை 23, புதன்

மூன்றாவது பாடத்தைத் தனியாகப் போட்டுப் பார்த்தேன். இரண்டு கணக்கு வந்தது, மற்றது வரவில்லை. செண்பகாவைக் கூப்பிடவில்லை.

ஜூலை 26, சனி

இன்று இரண்டாம் சுற்று தொடங்கியது. என் முறை.

ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கும் பேச்செடுக்கத் தைரியம் இல்லை. மத்தியானம் நான்கு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“நீ என்னல படிக்கணும்னு நெனைக்க?”

பிறந்ததிலிருந்து இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. அவள் எதைப் படித்தாளோ அதைப் படித்தேன், அவள் எந்த குரூப் எடுத்தாளோ அதை எடுத்தேன். தலைக்குள் தேடிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் இல்லை, சிவில் இல்லை, ஒன்றுமே இல்லை.

செண்பகா வாயைத் திறந்தாள். “அவனுக்கு வந்து...” என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு தட்டைப் பார்த்தாள்.

எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

“தெரியலப்பா” என்றேன்.

அம்மா தலையில் கை வைத்தாள். அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். இப்போது வரப்போகிறது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“சரி” என்றார். “தெரியலங்கறதயாவது நீயா சொன்ன.”

பிறகு ரசத்தை ஊற்றிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். திங்கட்கிழமை ஐந்து மணி வரை நேரம் இருக்கிறது. அதுவரைக்கும் எனக்காக யோசிப்பதற்கு என்னைத் தவிர ஆள் இல்லை.